வீட்டிலேயே எல்.கே.ஜி-யா? தனி ரூம் வேண்டாம்... ஒரு பாய், ஆறு தட்டு, ஒரு வரிசை போதும்!

‘குழந்தைக்கு மூணு வயசு ஆச்சே, எந்த ஸ்கூல்ல போடப் போறீங்க?’ கல்யாண வீடோ, காய்கறிக் கடையோ, இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கவே முடியாது. ‘இந்த வருஷம் வீட்டுலயே சொல்லிக் கொடுக்கலாம்னு இருக்கோம்’ என்று நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள் என்றால், அடுத்து வரும் கேள்வி உங்களுடையதாகவே இருக்கும். ‘சரி, எங்கே உட்கார வெச்சு, எப்போ சொல்லிக் கொடுக்குறது?’

பலரும் இந்த இடத்தில்தான் ஆன்லைன் ஷாப்பிங் ஆப்பைத் திறக்கிறார்கள். குட்டி டேபிள், குட்டி நாற்காலி, வொயிட்போர்டு, சுவர் முழுக்க ஏ பி சி டி சார்ட். கூடவே ‘9 மணி - தமிழ், 9.30 - மேத்ஸ்’ என்று ஒரு டைம்டேபிள். இரண்டாவது வாரம் பார்த்தால் டேபிள் மேல் மடிக்காத துணி குவிந்திருக்கும். டைம்டேபிளைக் குழந்தையே கிழித்திருக்கும். அம்மாவுக்கு பி.பி ஏறியிருக்கும்.

வீட்டைக் குட்டி ஸ்கூலாக மாற்றப் பார்ப்பதுதான் இங்கே சிக்கல். உங்கள் வீடு வீடாகவே இருக்கட்டும். அதில் இருக்கும் பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும். நாள் எந்த வரிசையில் நகரும் என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. எப்படி என்று பார்ப்போம்.

முதல்ல சட்டத்தைப் பார்த்துடலாம்

‘எல்.கே.ஜி போகலைன்னா பின்னாடி பிரச்னை வருமா?’ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. எல்.கே.ஜி., யு.கே.ஜி-க்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். கேந்திரிய வித்யாலயாவில் 6 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆக, இந்த 3-லிருந்து 5 வயது என்பது உங்கள் கையில் இருக்கும் காலம்.

அதே சட்டத்தின் 13-வது பிரிவு, சேர்க்கையின்போது குழந்தைக்குத் தேர்வு, பெற்றோருக்கு நேர்காணல் என்று வடிகட்டக் கூடாது என்கிறது. ஆனால் நடைமுறையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பல தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி-யிலேயே சீட் நிரம்பிவிடும், ஒன்றாம் வகுப்பில் காலியிடம் குறைவாகவே இருக்கும். நீங்கள் மனதில் வைத்திருக்கும் பள்ளியில், ‘ஒண்ணாம் கிளாஸ்ல புதுசா சேர்த்துப்பீங்களா?’ என்று இப்போதே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

தரையில உட்கார்ந்து உங்க ஹாலைப் பாருங்க

1907-ல் ரோம் நகரில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி ‘குழந்தைகள் இல்லம்’ ஆரம்பித்தார். அங்கே நாற்காலி, மேஜை, அலமாரி எல்லாம் குழந்தையின் உயரத்துக்கு இருந்தன. யாரையும் கேட்காமல் குழந்தையே எடுத்து, பயன்படுத்தி, அதே இடத்தில் திரும்ப வைக்கலாம். அதே மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சில காலம் கொடைக்கானலிலும் இருந்தார். இன்று விலை உயர்ந்த ப்ளே ஸ்கூல் போர்டுகளில் நாம் பார்க்கும் பெயர் அது. ஆனால் அந்த அடிப்படை யோசனைக்குப் பைசா செலவில்லை.

இன்றைக்கே ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ஹாலில் தரையில் உட்காருங்கள். உங்கள் கண் இப்போது குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கிறது. என்ன தெரிகிறது? சோஃபாவின் அடிப்பக்கம், டி.வி ஸ்டாண்ட், ஒயர், பிளக் பாயின்ட். சுவரில் ஆறடி உயரத்தில் ஒட்டிய சார்ட் தெரிகிறதா? கழுத்தை அண்ணாந்தால்தான் தெரியும். அந்த சார்ட் உங்களுக்காக ஒட்டியது, குழந்தைக்காக இல்லை.

இனி சிங்கிள் பெட்ரூம் வீட்டிலும் செய்யக்கூடிய மாற்றங்கள்:

ஒரு பாய்: ஜன்னல் வெளிச்சம் விழும் மூலையில், பிளக் பாயின்ட்டிலிருந்து தள்ளி, இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு கோரைப் பாய். பாய் விரித்தால் ‘வேலை’ ஆரம்பம், சுருட்டினால் முடிந்தது. குழந்தையே விரித்துச் சுருட்டட்டும். அந்த மூலை ராத்திரி படுக்கும் இடமாகவும், விருந்தாளி வந்தால் ஹாலாகவும் மாறிக்கொள்ளும். தனி ரூம் இல்லையே என்ற ஏக்கம் தேவையில்லை.

அலமாரியின் கீழ் இரண்டு தட்டு: இருக்கும் அலமாரியில் கீழ் இரண்டு தட்டுகளைக் காலி செய்து குழந்தைக்குக் கொடுங்கள். அலமாரி இல்லையா? இரண்டு ஸ்டூல் அல்லது கவிழ்த்த மரப்பெட்டி போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. குழந்தை ஏறிப் பிடித்து இழுத்தாலும் அலமாரி சாயாத மாதிரி சுவரோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுங்கள்.

ஆணி அல்ல, ஹூக்: குழந்தையின் தோள் உயரத்தில் இரண்டு ஒட்டும் ஹூக். ஒன்றில் துண்டு, இன்னொன்றில் வெளியே போகும் பை. வாசலில் செருப்புக்கு ஓரிடம்.

எழுதுவதற்கு ஒரு பரப்பு: கதவின் பின்பக்கம், கீழ்ப்பகுதியில் மட்டும் கரும்பலகை பெயின்ட். வாடகை வீடு என்றால் பெயின்ட் வேண்டாம், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். நின்றுகொண்டு பெரிதாகக் கிறுக்குவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல பயிற்சி. பின்னால் பென்சில் பிடிக்கும்போது இது கைகொடுக்கும்.

தண்ணீர் விளையாட்டுக்கு ஓர் இடம்: பாத்ரூம் அல்லது துணி துவைக்கும் இடம். ஹாலில் கொட்டினால்தான் நமக்குக் கோபம் வரும். அங்கே கொட்டினால் கழுவிவிட்ட மாதிரி ஆச்சு! வாளியில் தண்ணீர் இருக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள், முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

ஆறு தட்டு ஃபார்முலா

பொம்மைக்கூடை நிரம்பி வழியும் வீடுகளில் குழந்தை எதையும் ஐந்து நிமிடம் விளையாடுவதில்லை. எல்லாவற்றையும் கவிழ்த்துப்போட்டு, ‘போர் அடிக்குது’ என்று வந்து நிற்கும். காரணம், தேர்வு செய்ய முடியாத அளவுக்குப் பொருள் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஆறு மட்டும் வெளியே இருக்கட்டும். ஒவ்வொன்றும் ஓர் எவர்சில்வர் தட்டிலோ, பழைய ட்ரேயிலோ. மீதியெல்லாம் பரணில். சனிக்கிழமைதோறும் இரண்டு தட்டை மாற்றுங்கள். பரணிலிருந்து இறங்கும் பழைய பொம்மை, புதுப் பொம்மை மாதிரியே வரவேற்கப்படும்.

முதல் வாரத்துக்கு ஒரு மாதிரி:

1. ஊற்றும் தட்டு: இரண்டு டம்ளர், அரை டம்ளர் அரிசி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு சிந்தாமல் மாற்ற வேண்டும். கை பழகியதும் அரிசிக்குப் பதில் தண்ணீர்.
2. பிரிக்கும் தட்டு: பல்லாங்குழிப் பலகை, ஒரு கை கொண்டைக்கடலை, ஒரு கை மொச்சை. பலகையில் பக்கத்துக்கு ஏழு என 14 குழிகள். முதலில் பிரிப்பது, அப்புறம் குழிக்கு ஒன்று, குழிக்கு இரண்டு என்று போடுவது. இதுதான் கணக்குப் பாடம். பணியாரச் சட்டியிலும் இதையே செய்யலாம்.
3. கிளிப் தட்டு: துணி காயப்போடும் கிளிப் பத்து, ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி மாட்ட வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் செம பயிற்சி.
4. கோலத் தட்டு: தட்டில் ரவையோ அரிசி மாவோ மெல்லிசாகப் பரப்பி, விரலால் புள்ளி, கோடு, வளைவு. ‘ட’வும் ‘ப’வும் கோடுகள்தானே!
5. கட்டும் தட்டு: பிளாக்ஸ் அல்லது காலி தீப்பெட்டிகள்.
6. கதைத் தட்டு: மூன்றே மூன்று படப் புத்தகங்கள், அட்டை தெரியும்படி.

இந்த வயசுக் குழந்தை கடலையை மூக்கில் போட்டுக்கொள்ளவும், வாயில் போட்டு விழுங்கவும் ஒரு நொடி போதும். அதனால், இரண்டாவது தட்டு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். முடிந்ததும் எண்ணி எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். எதையும் வாயில் வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை என்றால் இந்தத் தட்டை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

கடிகாரத்தை விடுங்க, வரிசையைப் பிடிங்க

‘பத்து மணிக்குக் கதை’ என்றால் மூன்று வயசுக் குழந்தைக்குப் புரியாது. ‘குளிச்சதும் கதை’ என்றால் புரியும். அதனால் மணியைக் கட்டாதீர்கள், எதற்குப் பிறகு எது என்ற வரிசையைக் கட்டுங்கள். டிபன் அரைமணி நேரம் தாமதமானாலும் டைம்டேபிள் உடையாது, மொத்த வரிசையும் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

ஒரு நாள் இப்படி இருக்கலாம்:

- எழுந்து, பல் துலக்கி, பால் குடித்ததும்: வீட்டு வேலையில் ஒன்று. செடிக்குத் தண்ணீர், வெங்காயம் எடுத்துக் கொடுப்பது, சாக்ஸ் ஜோடி சேர்ப்பது.
- டிபன், குளியல் முடிந்ததும்: பாய் விரித்து, ஒரு பாட்டு, ஒரு கதை, தட்டு வேலை. மொத்தம் 20-30 நிமிடம்.
- அப்புறம் வெளியே: மொட்டை மாடி, தெரு, பார்க்.
- மதியச் சாப்பாடு, தூக்கம்.
- எழுந்ததும்: கிறுக்கல், மண், தண்ணீர், மாவு என்று கை அழுக்காகும் ஏதாவது ஒன்று.
- சாயந்திரம்: மற்ற குழந்தைகளோடு ஓட்டம்.
- ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு: ஒரு கதை, லைட் ஆஃப்.

இந்த ஏழையும் போனில் போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு, ஒரு கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடுங்கள். எது முடிகிறதோ அந்தப் படத்தில் குழந்தையே கிளிப் மாட்டட்டும். ‘அடுத்து என்ன?’ என்று உங்களைக் கேட்பதற்குப் பதில் கயிற்றைப் பார்க்க ஆரம்பித்தால், பாதி அடம் குறைந்துவிடும். நீங்கள் சொல்வதால் இல்லை, ‘வரிசைப்படி இப்போ குளியல்’ என்று படம் சொல்கிறதே!

‘உட்கார்ந்து சொல்லிக் கொடுக்குறது வெறும் அரைமணி நேரமா?’ என்று தோன்றலாம். போதும். ஒரே ஒரு குழந்தைக்கு, மடியில் உட்கார வைத்துக் கொடுக்கும் அரைமணி நேரம் அது. மீதி நேரம் எல்லாம் ஓட்டமும் தூக்கமும்தான் பாடம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3-4 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 180 நிமிட உடல் அசைவு வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடும் விளையாட்டு. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். ராத்திரி 9.30-க்குத் தூங்கி காலை 7 மணிக்கு எழுந்தால் ஒன்பதரை மணி நேரம்தான். மதியத் தூக்கம் ஒன்றரை மணி நேரம் சேர்ந்தால் 11. கணக்கு சரியாக வருகிறதா என்று உங்கள் வீட்டில் போட்டுப் பாருங்கள்.

அதே வழிகாட்டுதல், உட்கார்ந்து பார்க்கும் ஸ்கிரீன் நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்கிறது. ‘ரைம்ஸ் வீடியோதானே, அதுவும் படிப்புதான்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஸ்கிரீனையும் கயிற்றில் ஒரு படமாகத் தொங்கவிடுங்கள். அதற்கென்று இடம் இருந்தால், மற்ற நேரத்தில் போனுக்கு அழும் அழுகை குறையும்.

இரண்டு பேரும் வேலைக்குப் போறவங்களா?

இங்கே கொஞ்சம் வெளிப்படையாகப் பேசிவிடலாம். வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுப்பது என்று முடிவெடுக்கும்போது, பல வீடுகளில் அதன் அர்த்தம் ‘அம்மா பார்த்துப்பாங்க’ என்பதுதான். சமையல், ஆபீஸ் கால், துணி, இதோடு டீச்சர் வேலையும் சேர்ந்தால் மூன்றாவது மாதம் அம்மா உடைந்துபோவார். அது குழந்தையின் மேல் எரிச்சலாகத்தான் வெளியே வரும். அதனால், ஆரம்பிக்கும் முன்பே பேப்பரில் பெயர் எழுதுங்கள். மேலே சொன்ன ஏழில் எது யாருடையது?

ராத்திரிக் கதையும் சனிக்கிழமை தட்டு மாற்றுவதும் அப்பாவுடையது என்றால், அது வாரம் முழுக்க, மாதம் முழுக்க அப்பாவுடையதாகவே இருக்கட்டும். ‘ஹெல்ப் பண்றேன்’ என்பதற்கும் ‘இது என் வேலை’ என்பதற்கும் இருக்கும் வித்தியாசம் அம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

ஒருவர் வொர்க் ஃப்ரம் ஹோம் என்றால், மீட்டிங் நேரத்துக்கென்றே ஒரு தனி டப்பா வையுங்கள். ஸ்டிக்கர், களிமண், புதிதாக ஒரு பொம்மை கார். மீட்டிங்கில் மட்டும் திறக்கும், முடிந்ததும் மூடிவிடும். அந்த டப்பா தாங்குவது அதிகபட்சம் 20 நிமிடம். ஒரு மணி நேர மீட்டிங்குக்கு வீட்டில் இன்னொரு பெரியவர் வேண்டும்.

இரண்டு பேரும் காலையிலிருந்து மாலை வரை ஆபீஸ், வீட்டில் வேறு யாரும் இல்லை என்றால்? முழுநேர ஹோம்ஸ்கூலிங் உங்களுக்கு ஒத்துவராது. அதில் குற்ற உணர்ச்சி எதுவும் வேண்டாம். பகலில் நல்ல ப்ளே ஸ்கூலோ டே கேரோ, காலையும் ராத்திரியும் வீட்டில் இந்த வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் பாட்டி மட்டும் இருக்கிறார் என்றால், அரை நாள் அங்கன்வாடியை மறந்துவிடாதீர்கள். 1975 அக்டோபர் 2-ல் ஆரம்பித்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கே முன்பருவக் கல்வி இலவசம். உங்கள் தெரு மையத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சுத்தமாக, குழந்தைகள் சிரித்துக்கொண்டு இருந்தால், வேறென்ன வேண்டும்?

‘இன்னும் அ, ஆ எழுத வரலையா?’

தாத்தா, பாட்டியின் இந்தக் கேள்விக்கு வாக்குவாதம் வேண்டாம். அவர்கள் காலத்தில் படிப்பு என்றால் சிலேட்டும் பலப்பமும்தான். தேசிய கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சில் 2023-ல் 3 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்காக ‘ஜாதுயி பிடாரா’ என்ற மந்திரப் பெட்டியை வெளியிட்டது. உள்ளே இருப்பவை பொம்மைகள், புதிர்கள், விளையாட்டு அட்டைகள், கதைகள். ‘கவர்மென்ட்டே இந்த வயசுக்கு விளையாட்டைத்தான் கொடுக்குது தாத்தா’ என்று சொல்லிப் பாருங்கள்.

அதைவிட நல்ல வழி, அவர்களுக்கும் ஒரு தட்டைக் கொடுத்துவிடுவது. பல்லாங்குழி பாட்டியுடையது, கதை தாத்தாவுடையது. பேத்தி சோழியை எண்ணுவதைக் கண்ணால் பார்த்தால், ‘எழுதலையே’ என்ற பேச்சு தானாகக் குறையும்.

வீட்டில் டீச்சர் இல்லை என்பதை மறக்காதீங்க

பள்ளியில் ஒரு நன்மை உண்டு. ஒரே வயசுக் குழந்தைகள் இருபது பேரைப் பார்க்கும் டீச்சர், ‘உங்க பையன் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான்’ என்று சொல்லிவிடுவார். வீட்டில் அந்தக் கண் இல்லை. அதனால் அந்த வேலையும் உங்களுடையது.

வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது குழந்தை தன் வயசுக் குழந்தைகளோடு இருக்க வேண்டும். பார்க், சித்தப்பா வீடு, கிளை நூலகம், எங்கேயாவது. அங்கே எப்படிப் பேசுகிறது, விட்டுக்கொடுக்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று கவனியுங்கள். மூன்று வயசு முடிந்தும் இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, வீட்டில் இல்லாதவர்களுக்கு அந்தப் பேச்சு சுத்தமாகப் புரியவில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, முன்பு பேசிய வார்த்தைகளை இப்போது பேசுவதில்லை என்றால், ‘அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாராம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே மாவட்ட அளவில் இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. சீக்கிரம் போனால் பலன் அதிகம்.

எல்லாமே சொதப்புற நாளுக்கு

காய்ச்சல், விருந்தாளி, கரன்ட் கட், தலைவலி. அப்படிப்பட்ட நாளில் ஏழு படமும் ஓடாது. அன்றைக்கு மூன்று மட்டும் போதும். ஒரு கதை, கொஞ்சம் வெளிக்காற்று, ஒரு சின்ன வீட்டு வேலை. இந்த மூன்றும் நடந்தால் அன்றைக்கு ஸ்கூல் நடந்தது என்று கணக்கு. மறுநாள் ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று இரட்டிப்பாகத் திணிக்க வேண்டாம்.

மாதக் கடைசியில் ஒருநாள் ராத்திரி, குழந்தை தூங்கிய பிறகு, இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று கேள்விக்கு பதில் தேடுங்கள். எந்தத் தட்டை அது தானாக எடுத்தது? வரிசையில் எந்த இடத்தில் தினமும் சண்டை வருகிறது? நம்மில் யார் ரொம்பக் களைத்திருக்கிறோம்? சண்டை வரும் இடத்தை முன்னால் பின்னால் மாற்றுங்கள். குளியலுக்கு அழுதால், விளையாடி வந்து அழுக்கானபின் குளிக்கட்டுமே. களைத்திருப்பவரிடமிருந்து ஒரு படத்தை மற்றவர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரும் சனிக்கிழமை ஆரம்பிக்கலாமா? காலையில் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்யுங்கள். மதியம் ஆறு தட்டை நிரப்புங்கள். சாயந்திரம் ஏழு போட்டோ எடுத்துக் கயிற்றில் மாட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் சொல்லாமல் பாயை மட்டும் விரித்து வைத்துவிட்டு, குழந்தை எந்தத் தட்டை முதலில் எடுக்கிறது என்று பாருங்கள். திங்கட்கிழமை எதிலிருந்து ஆரம்பிப்பது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.